அவனுக்காக வாங்கிய ஹார்ப்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஃப்ரிட்ஜுக்கும் பால்கனிக் கதவுக்கும் நடுவே ஆறடி உயரத்தில், தங்கப் பூச்சோடு, பெரிய யாழ் மாதிரி ஒரு கச்சேரி ஹார்ப் நிற்கிறது. முதல் முறை வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே அதைப் பார்த்து வாயைப் பிளக்கிறார்கள். இந்த வயதில் இதை வாங்க வேண்டுமென்றால் சங்கீதத்தின் மேல் எவ்வளவு பிரியம் இருக்க வேண்டும் என்று சொல்கிறார்கள். நான் சிரித்து வைத்துவிட்டு காபி கலக்கப் போய்விடுவேன். பிரியமும் இல்லை, மண்ணும் இல்லை. ஒரு மனிதனின் முகத்தில் கரியைப் பூசுவதற்காக வாங்கியது அது. பூசினேனா என்று கேட்டால் அதற்குக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

அந்த மனிதனை நேரில் கடைசிவரை ‘ஸார்’ என்றுதான் கூப்பிட்டேன். இங்கே எழுதும்போது அவன் என்றுதான் எழுதப்போகிறேன். எனக்குக் கிடைத்திருக்கும் சின்ன சுதந்திரம் இது, விடுவதாக இல்லை.

நான் மயிலாப்பூரிலேயே பிறந்து மயிலாப்பூரிலேயே வாழ்க்கைப்பட்டவள். எங்கள் தெருவில் எல்லாப் பெண்களும் பாட்டுக்கும் வீணைக்கும் போனபோது நான் சாந்தோம் கான்வென்ட்டில் பியானோ கற்றுக்கொண்டேன். பிறகு சினிமா ரெக்கார்டிங்குகளுக்கு வாசிக்கப் போனேன். அங்கே ஒரு நாள் யாரோ ஹார்ப் கேட்டார்கள், ஊரில் ஹார்ப்பும் இல்லை, வாசிக்க ஆளும் இல்லை என்று தெரிந்ததும் நானே ஒன்றை வரவழைத்து, நானே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டேன். முப்பத்துநாலு தந்தி கொண்ட சின்ன ஹார்ப். ஆட்டோவின் பின்சீட்டில் சாய்த்து, கால்களை மடக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் போய்விடலாம். ஹார்ப் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வேறு ஆள் இல்லை என்பதுதான் காரணம், இதில் பீற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆனாலும் பெருமையாகத்தான் இருந்தது.

அவன் அப்போது பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு மாடியில் ஸ்டூடியோ வைத்திருந்தான். பெரிய இசையமைப்பாளர்களுக்குப் பின்னணி கோர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன், அந்த வருடம்தான் சொந்தமாகப் படம் செய்ய ஆரம்பித்திருந்தான். ஒரு நாள் கூப்பிட்டு, ஹார்ப்பை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் வரமுடியுமா என்று கேட்டான். போனேன். பாட்டு எதுவும் இல்லை. ஒவ்வொரு தந்தியாக மீட்டச் சொன்னான். மெதுவாக ஒரு தடவை, நடுத்தரமாக ஒரு தடவை, அழுத்தி ஒரு தடவை. மீட்டிய ஒலி முழுக்க அடங்கும் வரை மூச்சு விடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஏ.சி. சத்தம் மைக்கில் விழும் என்று அதையும் நிறுத்திவிட்டார்கள். முதுகில் வியர்வை வழிய வழிய இரண்டு நாள் மீட்டினேன். புதுப் படத்துக்குச் சுருதி சரிபார்க்கத்தான் என்றான். நம்பினேன். நம்பியது மட்டும் இல்லை, மனசு குளிர்ந்தும் போனேன். என் தந்திகளை அப்படி ஒவ்வொன்றாக யாரும் உட்கார்ந்து கேட்டதில்லை. கிளம்பும்போது ஒரு வவுச்சரை நீட்டினார்கள். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு அவனிடமிருந்து அழைப்பே இல்லை. ஆறேழு மாதம் கழித்து தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் ரவிக்கைத் துணிக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே ஸ்பீக்கரில் புதுப் பாட்டு ஓடியது. நடுவில் ஹார்ப் ஏறி இறங்கியது. அந்த இரண்டு நாளும் என் மோதிர விரலில் அரிவாள்மணை வெட்டுக்கு பிளாஸ்திரி போட்டிருந்தேன். அந்த விரல் தொட்ட தந்திகள் மட்டும் கொஞ்சம் மழுங்கலாகக் கேட்கும். ஸ்பீக்கரில் அப்படித்தான் கேட்டது. அன்று தனித்தனியாகப் பதிந்த ஒலிகளைக் கம்ப்யூட்டரில் கோத்துப் பாட்டாக்கியிருந்தான். நான் வாழ்க்கையில் வாசிக்காத ஒரு பாட்டை என் விரல்கள் வாசித்துக்கொண்டிருந்தன. துணியை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்து, நடைபாதையில் நின்றபடியே அவனுக்கு ஃபோன் போட்டேன்.

“அட, கேட்டீங்களா? எப்படி வந்திருக்கு?” என்றான். நான் மூச்சு வாங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னதும் சிரித்தான். “உங்க விரலை நான் பத்திரமா வெச்சிருக்கேன் மேடம். இனிமே நீங்க ஹார்ப்பைத் தூக்கிக்கிட்டு டிராஃபிக்ல கஷ்டப்பட வேண்டாம்.”

அவன் பக்கத்தில் யாரோ சிரித்தது எனக்குக் கேட்டது. அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கு நல்லது செய்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தான். அதுதான் இன்னும் எரிகிறது.

அவன் அந்த ஒலிகளை மற்றவர்களுக்கும் கொடுத்தான் போலிருக்கிறது. மெல்ல மெல்ல எல்லா ஸ்டூடியோவிலிருந்தும் அழைப்பு நின்றது. ஒரு மழைக்காலத்தில் சின்ன ஹார்ப்பின் பலகை ஈரத்தில் விரிந்து பிளந்தது. அடையாறில் ஃப்ளாட் ஃப்ளாட்டாக ஏறி இறங்கிப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தேன். கோபம் நாளாக ஆக ஆறிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு ஆறவில்லை, நான் ஆறவிடவும் இல்லை. பதினோரு வருடம் தினமும் கொஞ்சம் விறகு போட்டு வளர்த்தேன். குளிக்கும்போதும் கீரை ஆயும்போதும் ஒரே காட்சியைத்தான் நினைத்துப் பார்ப்பேன். அவன் என் வீட்டு வாசலில் வந்து நின்று, நீங்கள் வந்து வாசித்தால்தான் ஆகும் என்று கேட்கிறான். நான் முடியாது என்கிறேன். அவ்வளவுதான் காட்சி. அந்த ‘முடியாது’வை எந்தக் குரலில் சொல்வது என்பதில் மட்டும் வருடத்துக்கு வருடம் மாறுதல் இருந்தது.

அந்தக் காட்சி நடக்க வேண்டுமென்றால் அவனிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்க வேண்டும். கச்சேரி ஹார்ப்புக்கு நாற்பத்தேழு தந்தி. அடியில் ஏழு பெடல், ஸ்வரத்துக்கு ஒன்று. ஒன்றைக் காலால் அழுத்தினால் அந்த ஸ்வரத்தின் தந்திகள் மேலிருந்து கீழ்வரை ஒரே நேரத்தில் அரை ஸ்வரம் மாறும். ஒலி அடங்குவதற்குள் பெடலை மாற்றினால் ஸ்வரம் காற்றிலேயே வழுக்கிப் போகும். அவன் களவாடி வைத்திருந்த முப்பத்துநாலு தந்தியில் இது எதுவும் கிடையாது. கூடுவாஞ்சேரிப் பக்கம் நல்ல காலத்தில் வாங்கிப்போட்ட அரை கிரவுண்டு மனையை விற்றேன். என் கணவர் ரிடையரான வங்கிக்காரர். கையெழுத்துப் போடும்போது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

“வாங்கறதுதான் வாங்கற, நல்லதாப் பாத்து வாங்கு.”

அடையாறு காந்தி நகரில் ஒரு வெளிநாட்டுத் தம்பதி ஊரைக் காலி செய்துகொண்டு கிளம்புகிறார்கள், அந்த அம்மாள் தன் ஹார்ப்பை விற்கிறாள் என்று என் மாணவி ஒருத்தியின் தாய் சொன்னாள். காலையிலேயே போனேன். வீடெல்லாம் அட்டைப்பெட்டி. நடுவில் பழுப்பு மரத்தில், ஒரு பூவேலைப்பாடுகூட இல்லாமல் அது நின்றது. பார்த்தவுடன் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. மேடையில் கடைசி வரிசை வரை கண்ணைப் பறிக்கிற மாதிரி ஒன்றைத்தான் நான் மனசில் வைத்திருந்தேன்.

ஆனாலும் முறையாகப் பார்த்தேன். தரையில் உட்கார்ந்து பலகையைப் பக்கவாட்டில் கண்ணால் அளந்தேன். தந்திகளின் இழுப்பில் பலகை கொஞ்சம் வயிறு தள்ளியிருக்கும், அது சரி. அளவுக்கு மீறித் தள்ளியிருந்தால் ஆயுசு முடிந்தது என்று அர்த்தம். இது அளவோடு இருந்தது. மேல் கழுத்து முறுக்கிக்கொள்ளவில்லை. பின்பக்கத் துளைகளில் டார்ச் அடித்து விரிசல் தேடினேன். ஏழு பெடலையும் மூன்று படியிலும் வைத்து வைத்து, நாற்பத்தேழு தந்தியையும் ஒவ்வொன்றாக மீட்டினேன். ஓரிடத்திலும் கரகரப்பு இல்லை. கடைசியில் அடித்தந்தியைத் தொட்டேன். அது காதில் கேட்பதற்கு முன்னால் அடிவயிற்றில் கேட்டது. பிறகு ஏதோ வாசிக்க ஆரம்பித்தேன். அந்த அம்மாள் அட்டைப்பெட்டி ஒட்டுவதை நிறுத்திவிட்டு ஒரு பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் நிமிர்ந்து மணி பார்த்தபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அந்த முக்கால் மணி நேரமும் எனக்கு அவன் ஞாபகம் வரவில்லை. பதினோரு வருடத்தில் அப்படி நடந்ததே இல்லை. அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

விலை படிந்தது. முன்பணம் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. அன்று அஷ்டமி. எங்கள் வீட்டில் ஒரு மிக்ஸி வாங்கினால்கூட அஷ்டமி நவமியில் முன்பணம் கொடுக்க மாட்டோம். படித்தவள், சம்பாதிக்கிறவள், நாலு ஊர் பார்த்தவள்தான் நான், ஆனாலும் கை பைக்குள் போக மறுத்தது. அந்த அம்மாளிடம் இங்கிலீஷில் விளக்கிப் பார்த்தேன். எட்டாம் நாள் ஆகாது, ஒன்பதாம் நாளும் ஆகாது, பத்தாம் நாள் காலை வந்து கொடுக்கிறேன் என்றேன். அவள் நிலவு எப்படி ஒரு மரச்சாமான் விற்பனையில் தலையிடுகிறது என்பது புரியாமல், ஆனால் மரியாதையாகத் தலையாட்டி, காலண்டரில் நாளை மறுநாளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

அன்று சாயங்காலம் ஒரு ஃபோன் வந்தது. எங்களோடு முன்பு வாசித்துக்கொண்டிருந்த வயலின்காரி.

“அக்கா, தேனாம்பேட்டை சிக்னல்ல போஸ்டர் பாத்தீங்களா?”

பார்த்திருந்தேன். பார்க்காமல் இருக்க முடியாதபடிதான் ஒட்டியிருந்தார்கள். அவன் சினிமாவுக்கு வாசிக்க வந்த இருபத்தைந்தாம் வருடக் கச்சேரி. நந்தனத்தில் மைதானம். மேடையில் கீபோர்டு கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது, நிஜக் கலைஞர்கள், நிஜ வாத்தியங்கள் மட்டும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நிஜம் என்ற வார்த்தையை அவன் போஸ்டரில் படித்து, சிக்னல் பச்சை விழுந்தும் ஆட்டோக்காரர் பின்னால் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நான் சிரித்திருந்தேன்.

“அந்தப் பாட்டுக்கு ஹார்ப் வேணுமே, என்ன பண்ணப் போறார் தெரியுமா?” என்றாள் அவள். “தேனாம்பேட்டை ஹோட்டல் லாபில ஒரு தங்க ஹார்ப் நிக்குதில்ல, அதை வாடகைக்கு எடுக்கறாங்க. ஒரு மாடல் பொண்ணு உக்காந்து விரலை ஆட்டுவா. சவுண்டு உள்ளேயிருந்து வரும். உங்க சவுண்டுதான்.”

ஃபோனை வைத்தேன். என் விரலை எடுத்தான். இப்போது என் விரலுக்கு வேறு ஒருத்தியின் விரலை மாட்டி, விளக்குப் போட்டு, ஊருக்குக் காட்டப் போகிறான். அன்று இரவு ரசத்தில் உப்புக்குப் பதில் சர்க்கரை போட்டேன். என் கணவர் ஒரு வாய் வைத்துவிட்டு மோர் சாதத்துக்குப் போய்விட்டார்.

மறுநாள் நவமி. காலை டிபன்கூடச் சாப்பிடாமல் அந்த ஹோட்டலுக்குப் போனேன். லாபியில் வாழைக்கன்று மாதிரி ஏதோ பிளாஸ்டிக் செடிகளுக்கு நடுவில் அது நின்றது. ஆறடி, தூண் முழுக்கத் தங்கப் பூச்சு, உச்சியில் கிரீடம். அடியில் குனிந்து பார்த்தேன். ஏழு பெடலிலும் சந்தனமும் குங்குமமும் மொத்தமாக அப்பிக் காய்ந்து கிடந்தன. வருடா வருடம் ஆயுத பூஜைக்கு லிஃப்ட், பில்லிங் மிஷின், காபி மிஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கிறவர்கள் இதை மட்டும் விடுவார்களா? பக்தியாக, பெடலின் இடுக்குக்குள் இறங்குகிற அளவுக்குக் குழைத்து வைத்திருக்கிறார்கள். மிதித்துப் பார்த்தேன். ஏழில் நாலு அசையவே இல்லை. அடித்தந்திகள் துருப்பிடித்திருந்தன. பலகை நிறைமாதமாக இருந்தது. நடுத்தந்தி ஒன்றை மீட்டினால் ஓட்டைத் தகரத்தைத் தட்டின சத்தம்.

மேனேஜர் பக்கத்தில் வந்து நின்றார். “முதலாளி ஆசைப்பட்டு வெளிநாட்டுலேர்ந்து கொண்டாந்தது மேடம். ஒரு ரஷ்யாக்காரம்மா மூணு மாசம் வாசிச்சாங்க, அப்புறம் ஊருக்குப் போய்ட்டாங்க. இப்ப கல்யாணத்துக்கு வர்ற பசங்க புடிச்சுத் தொங்குதுங்க. யாராவது தூக்கிட்டுப் போனா போதும்.”

“வாடகைக்குக் கேட்டிருக்காங்களாமே?”

“ஆமா, ஒரு மியூசிக் டைரக்டர் ஆபீஸ்லேர்ந்து. நேத்து பேசினாங்க. அட்வான்ஸ் குடுத்துடுங்க, எழுதிக்கறேன்னேன். அஷ்டமி நவமி போகட்டும், நாளைக்குக் காலைல வரோம்னு சொல்லிட்டாங்க.”

அவனும் அஷ்டமிக்குப் பயந்தவன்தான்! சினிமாக்காரர்கள் எங்களைவிட மோசம், எனக்குத் தெரியாததா? லாபியில் நின்றபடியே எனக்குச் சிரிப்பு பொங்கியது. இந்தத் தங்கப் பொம்மை இல்லாவிட்டால் அவனுக்கு மேடையில் ஹார்ப் இல்லை. ஹார்ப் இல்லாமல் ஹார்ப் சத்தம் வந்தால், நிஜ வாத்தியம் என்று ஒட்டின போஸ்டர் அத்தனையும் பொய்யாகிவிடும். அவன் என் வாசலுக்கு வந்துதான் ஆக வேண்டும். நான் நாளும் பார்க்கவில்லை, நட்சத்திரமும் பார்க்கவில்லை. நவமியில், அதுவும் ராகு காலத்தில், முன்பணம் இல்லை, முழுப் பணத்தையும் கொடுத்து அந்தப் பிணத்தை வாங்கினேன். நல்ல காரியத்துக்குத்தானே நாள் பார்க்க வேண்டும்?

மந்தைவெளியிலிருந்து ஒரு குட்டி யானை வண்டியும் நாலு ஆட்களும் வந்தார்கள். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது, மூன்றாவது மாடி.

“இன்னாக்கா இது, வில்லு கணக்கா கீது?” என்றார் முன்னால் பிடித்தவர்.

“வாத்தியம்பா. பாத்து, சுவத்துல இடிக்காதீங்க.”

“தங்கமாக்கா?”

“இல்லை, பூச்சு.”

“பூச்சுக்கே இம்மாம் வெயிட்டா? நைனா, உன் பக்கம் தூக்கு, தரைல தேச்சுக்கினு வருது பார்.”

கூடத்தில் நிறுத்திவிட்டு அவர்கள் போன பிறகு என் கணவர் அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குனிந்து பெடலைத் தொட்டார், விரலில் ஒட்டின குங்குமத்தைப் பார்த்தார். “அடையாறுல பாத்தது பழுப்புன்னு சொன்னியே?” என்றார். நான் அவர் கை துடைக்க ஒரு துணியை நீட்டினேன்.

தசமி அன்று காலை அந்த வெளிநாட்டு அம்மாளுக்கு ஃபோன் செய்து, வாங்க முடியவில்லை என்று சொன்னேன். அவள் கோபிக்கவில்லை. எனக்காக ஒருவரைத் திருப்பி அனுப்பியதாகவும், பரவாயில்லை, பெங்களூருக்காரரான அவரை மறுபடி கூப்பிட்டுக்கொள்வதாகவும் சொன்னாள். உங்கள் கையில் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றாள். ஃபோனை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு, அவன் ஆட்கள் இந்நேரம் ஹோட்டல் லாபியில் வெறும் பிளாஸ்டிக் செடியைப் பார்த்து முழித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்ததும் அழுகை நின்றுவிட்டது.

அவன் வர எட்டு நாள் ஆயிற்று. அந்த எட்டு நாளும் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டுதான் வீட்டில் இருந்தேன். மூன்று மாடி ஏறின மூச்சு அடங்காமல் வாசலில் நின்றான். தலைக்குச் சாயம் அடித்திருந்தான், மீசைக்கு அடிக்க மறந்திருந்தான். உட்காரச் சொல்லி, முதல் டிகாக்‌ஷனில் காபி கொடுத்தேன். அதில் குறை வைக்கக்கூடாது என்று தீர்மானித்திருந்தேன்.

“ஹோட்டல்ல சொன்னாங்க. நீங்கதான் வாங்கினீங்கன்னு கேட்டதும் நிம்மதியாப் போச்சு” என்றான். “நம்ம ஆள்கிட்டதானே இருக்கு.”

நம்ம ஆள். நான் சிரித்தபடி காத்திருந்தேன். ‘முடியாது’ நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

“பத்து நாளைக்குக் குடுத்தீங்கன்னா போதும். நம்ம பசங்களே வந்து எடுத்துட்டுப் போய், ஒரு கீறல் இல்லாம திரும்பக் கொண்டாந்து வெச்சிடுவாங்க.”

“யார் வாசிக்கறா?”

“வாசிக்க என்ன இருக்கு? ஒரு பொண்ணு உக்காந்துக்குவா. உங்களுக்கு எதுக்குச் சிரமம்? சவுண்டுதான் நம்மகிட்ட இருக்கே.”

அவன் என்னைக் கேட்க வரவில்லை. மரத்தைக் கேட்க வந்திருந்தான். பதினோரு வருடமாக நான் ஒத்திகை பார்த்த காட்சியில் அவன் பேச வேண்டிய ஒரு வரிதான் இருந்தது, அதை அவன் பேசவில்லை. அவன் கேட்காதபோது நான் எதை மறுப்பது? அப்போதுதான் அந்தக் கேவலம் நடந்தது. என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது.

“நான் வாசிக்கறேன் ஸார்” என்றேன். “நானே வந்து வாசிக்கறேன். நிஜமா.”

அவன் டபராவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து ஹார்ப்பிடம் போனான். ஒரு பெடலை மிதித்தான். அசையவில்லை. இன்னொன்றை மிதித்தான். நடுத்தந்தியை மீட்டி, தலையைச் சாய்த்து, ஒலி அடங்கும் வரை கேட்டான். அன்று ஸ்டூடியோவில் கேட்ட அதே மாதிரி, மூச்சு விடாமல்.

“இது செத்துப் போனது மேடம்” என்றான் மெதுவாக. “இதுல உங்களால என்ன வாசிக்க முடியும்?”

சரியாகத்தான் சொன்னான். அடையாறு ஹார்ப் அந்த இடத்தில் நின்றிருந்தால் நான் உட்கார்ந்து ஒரு நிமிஷம் வாசித்திருப்பேன், அவன் வாயடைத்துப் போயிருப்பான். அதை நான் பெங்களூருக்கு அனுப்பிவிட்டு இந்தப் பிணத்தைக் கூடத்தில் நிறுத்தியிருந்தேன்.

“செத்ததுன்னு தெரிஞ்சுதான் வாங்கினேன்” என்றேன்.

“தெரிஞ்சா? எதுக்கு?”

“உங்களுக்குக் கிடைக்கக் கூடாதுன்னு.”

அவன் என்னைப் பார்த்தான். விளையாட்டாகச் சொல்கிறேனா என்று முதலில் பார்த்தான். பிறகு அவன் முகம் மாறியது. பதினோரு வருடத்தில் முதல் முறையாக, தான் எனக்கு ஏதோ செய்திருக்கிறோம் என்று அவனுக்குத் தட்டுப்பட்டிருக்க வேண்டும். “சரி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படி இறங்கினான். பாதிக் காபி மிச்சம் இருந்தது. அதைத் தொட்டியில் ஊற்றினேன். சந்தோஷமாக இருந்ததா என்றால், இருந்தது. பொய் சொல்வானேன்?

கச்சேரிக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு தனியாகப் போனேன். அவன் தடுமாறுவதை என் கண்ணால் பார்க்க வேண்டும். மைதானம் நிரம்பி வழிந்தது. மேடையில் வயலின்கள், செல்லோக்கள், தாளக்காரர்கள் எல்லாரும் வெள்ளை உடுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். வயலின் வரிசை முடிந்து டிரம் தொடங்குவதற்கு முன்னால், இடதுபுறம், ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு வெற்றிடம் இருந்தது. அவன் எங்களுக்கு முதுகு காட்டி நின்று கையசைத்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பாட்டு வந்தது. ஜவுளிக்கடையில் நான் முதலில் கேட்டது. இரண்டாம் சரணத்துக்கு முன்னால் எட்டு பார், அதாவது எட்டுத் தாளச் சுற்று, ஹார்ப் தனியாக ஏறும். அதில்தான் பாட்டு குப்புற விழப்போகிறது என்று நான் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். விழவில்லை. கிடாரை வைத்து ஒப்பேற்றியிருந்தான். கிடார்காரர் சுமாராக ஏறினார், சுமாராக இறங்கினார். கூட்டத்தில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. என் பக்கத்தில் இருந்த பெண் செல்ஃபோனை உயரத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டு கூடவே பாடினாள். அரை கிரவுண்டு, அடையாறு ஹார்ப், பதினோரு வருட விறகு எல்லாம் ஒரு கிடாரில் கரைந்துபோனது.

அப்போதுதான் பார்த்தேன். எட்டு பாரும் அவன் தலை இடதுபுறம் திரும்பியிருந்தது. கை பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது, ஆனால் அவன் கிடாரைப் பார்க்கவில்லை. அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரிய திரையில் அவன் பக்கவாட்டு முகம் தெரிந்தது. அங்கே இல்லாததைக் கேட்டுக்கொண்டிருக்கிற முகம். அத்தனை கூட்டத்தில் அது கேட்டது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான். என் வாசிப்பு இருந்தபோதும் இல்லாதபோதும் காது கொடுத்துக் கேட்ட மனிதன் உலகத்தில் இவன் ஒருவன்தானா என்று நினைத்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்தக் காது வேறு யாருக்காவது இருந்திருக்கக் கூடாதா?

மறுநாள் காலை பியானோ வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது ஃபோனில் அவன் பெயர் வந்தது. அடித்து அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தது. என்ன சொல்வதற்காகக் கூப்பிட்டான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் எடுக்கவில்லை.